நிலவறைக் காற்றை அளந்து பார்த்தீர்களா?

“அவர் புகைபிடித்ததே இல்லையே; பின் எப்படி நுரையீரலில் புற்றுநோய்?” நோயின் பெயரைக் கேட்ட குடும்பத்தினர் பலர் மருத்துவரிடம் எழுப்பும் வினா இது. ஒருவருக்கு நோய் வந்த காரணத்தை உறுதியாகச் சுட்டுதல் அரிது. ஆயினும் கனடாவில் புகைபிடிக்காதோருக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதற்கான முதன்மைக் காரணமாக அறியப்படுவது ரேடன் என்னும் வாயுவாகும். இந்நோயால் நேரும் இறப்புகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு ரேடனோடு தொடர்புடையது என நடுவண் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா மதிப்பிட்டுள்ளது.

மண்ணிலும் பாறையிலும் இயல்பாகக் கலந்துள்ள யுரேனியம் சிதைவதால் ரேடன் உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து நீர்த்துவிடும், வீட்டுக்குள் தேங்கும். குளிர்காலத்தில் வீட்டினுள் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும்போது, கீழ்த்தளத்தில் அழுத்தம் குறைகிறது. அப்போது தரையின் வெடிப்புகள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள், சம்ப் பம்ப் குழி ஆகியவற்றின் வழியே நிலத்தடிக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது.

மூச்சோடு உட்செல்லும் ரேடனும் அது சிதைந்து தோன்றும் துகள்களும் நுரையீரலில் ஆல்ஃபா கதிர்களை உமிழ்ந்து உயிரணுக்களைச் சேதப்படுத்துகின்றன. தலைவலி, இருமல் போன்ற முன்னறிகுறி எதுவும் இல்லை; தீங்கு பல்லாண்டுகளில் மெல்லச் சேர்கிறது. மிகுந்த ரேடன் சூழலில் வாழ்நாள் முழுதும் வசிப்போருள், புகைபிடிக்காதவர்களில் 20 பேருக்கு ஒருவரும், புகைபிடிப்பவர்களில் 3 பேருக்கு ஒருவரும் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடும்.

வீடுகளில் ரேடன் இவ்வளவு சேரக்கூடும் என்பதை உலகம் உணர்ந்தது 1984இல். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்னும் பொறியாளர், தாம் பணிபுரிந்த லிமெரிக் அணுமின் நிலையத்தின் கதிரியக்க எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கச் செய்தார். அந்நிலையமோ அப்போது மின்னுற்பத்தியே தொடங்கியிருக்கவில்லை. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது. அங்கு ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 100,000 பெக்கரல் ரேடன் இருந்தது. இன்றைய கனடிய வழிகாட்டு அளவான 200 பெக்கரலைப் போல் 500 மடங்கு. அவ்வீடு சீரமைக்கப்பட்டபின் குடும்பம் மீண்டும் அங்கேயே குடியேறியது என்பதே நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளின் அளவுகூட வேறுபடும். எனவே அயல்வீட்டின் முடிவு நமக்குப் பொருந்தாது. நம் குடும்பங்கள் பலவற்றில் நிலவறையே பெற்றோரின் படுக்கையறை, பிள்ளைகளின் படிப்பறை, அல்லது வாடகைக்கு இருப்போரின் முழு வீடு. ஆதலால் நாம் அளந்து பார்ப்பது மிகவும் இன்றியமையாதது.

அளப்பது எளிது. நீண்டகாலச் சோதனைக் கருவியை வாங்கி, குறைந்தது மூன்று மாதங்கள் வைத்திருத்தல் வேண்டும். சன்னல்கள் மூடியிருக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான காலம் ஏற்றது. ஒருவர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் இருக்கும் மிகத் தாழ்ந்த தளத்தில், மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். சமையலறை, குளியலறை, சன்னலோரம் ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள். பின்னர் கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு கிடைக்கும். ஓரிரு நாள் அளவீட்டை நம்பி முடிவெடுத்தல் தகாது. ரேடனின் அளவு நாளுக்கு நாள் ஏறியிறங்கும்.

முடிவு 200 பெக்கரலைத் தாண்டினால் அஞ்ச வேண்டியதில்லை, சீரமைக்க வேண்டும். அளவு எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு விரைவாகச் செய்தல் நன்று. தரையில் துளையிட்டுக் குழாயொன்றைப் பொருத்தி, இடையறாது இயங்கும் மின்விசிறியால் நிலத்தடிக் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதே நம்பகமான முறை. இது பெரும்பாலும் ரேடனை 80 விழுக்காட்டிற்கு மேல் குறைக்கிறது. வெடிப்புகளை அடைப்பது துணைசெய்யுமே தவிர, தனியே போதாது. கனடிய தேசிய ரேடன் தகுதித் திட்டத்தின் சான்று பெற்றவரையே இப்பணிக்கு அமர்த்துங்கள். பணி முடிந்தபின் மீண்டும் அளந்து உறுதிசெய்யுங்கள்.

ஒன்ராறியோவில் புதிய வீடு வாங்கியோர் கவனிக்க: டாரியன் உத்தரவாதம் ஏழாண்டு வரை ரேடனையும் உள்ளடக்குகிறது. வாடகைக்கு இருப்போர் சோதனையைத் தாமே செய்து, முடிவை வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியும், அவருடன் அதே கூரையின்கீழ் வாழும் பேரப்பிள்ளையும் மூச்சுவிடுவது ஒரே காற்றைத்தான். நேற்று சுவாசித்ததை மாற்ற இயலாது. வரும் குளிர்காலத்திற்குள் ஒரு சோதனைக் கருவியை வாங்கி வைக்க இயலும்.