மருத்துவர் அனுப்பும் அறிக்கையும் நாம் கூறும் முகவரியும்

காய்ச்சல் கண்டவர் ஒருவரே ஆயினும், அக்காய்ச்சலைப் பற்றிய செய்தி சுற்றுவட்டாரம் முழுமைக்கும் உரியதாகும். பினாங்கு, ஜெலுத்தோங் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

ஜெலுத்தோங்கில் வீடுகள் நெருங்கியுள்ளன, கிளினிக்குகளும் பல. ஒரே தெருவைச் சேர்ந்த மூவர், ஒரே வாரத்தில் டிங்கிக் காய்ச்சல் கண்டு, மூன்று வெவ்வேறு கிளினிக்குகளுக்குச் சென்றதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மருத்துவரும் கண்டது ஒரு நோயாளியை மட்டுமே. அத்தெருவில் நோய் பரவி வருகிறது என்பதனை அவர்களுள் எவரும் அறியார். மூன்று அறிக்கைகளும் ஓரிடத்தில் சேரும்பொழுதே உண்மை புலப்படும். அவ்விடமே மாவட்டச் சுகாதார அலுவலகம்.

ஆகவேதான் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், குறிப்பிட்ட தொற்றுநோய்களை அறிவிக்கும் கடமையை அரசாங்க மருத்துவர், தனியார் மருத்துவர் ஆகிய இரு சாராருக்கும் விதித்துள்ளது. டிங்கியை 24 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். நம் நாட்டில் டிங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் முதன்முதலாகப் பரவியது 1962ஆம் ஆண்டில், இதே பினாங்கில்தான்.

அறிக்கை கிடைத்ததும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியின் இல்லத்திற்குச் செல்வர்; கொசுப் புழுக்களைத் தேடி அழிப்பர்; சுமார் 200 மீட்டர் சுற்றளவிற்குப் புகை அடிப்பர்; வேறு எவருக்கேனும் காய்ச்சல் உண்டா என வினவுவர். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். ஆதலால் ஒவ்வொரு நாள் தாமதமும் நோய்க்கே துணைபுரியும்.

இதில் தோட்டத் தொழிலாளர்களின் பங்கு யாது? தோட்டத்தில் பெற்றோர் வாழ, மகன் ஜெலுத்தோங்கில் தங்கி வேலை பார்ப்பதுண்டு. அவன் காய்ச்சலுடன் வீடு திரும்பி, அடையாள அட்டையிலுள்ள தோட்ட முகவரியை மட்டுமே மருத்துவரிடம் கூறினால், பணியாளர்கள் தோட்டத்தில் தேடுவர். அவனைக் கடித்த கொசுக்களோ ஜெலுத்தோங்கில் பெருகிக்கொண்டிருக்கும். கொசு கடித்து 4 முதல் 10 நாள்களுக்குள் காய்ச்சல் காணும். ஆகையால், கடந்த இரண்டு வாரங்களில் தங்கிய இடம், வேலை செய்த இடம் ஆகிய இரண்டையும் தவறாது கூறுக.

கொசு தோட்டத்திலும் உண்டு. பால் வெட்டாத மரங்களின் மங்குகளில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு அங்கும் முட்டையிடும். அவற்றைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

காய்ச்சல் கண்டால் மருந்துக் கடை மாத்திரையோடு நின்றுவிடாமல் விரைந்து மருத்துவரை நாடுக. மருத்துவரிடம் செல்லாத நோயாளியைப் பற்றி அறிக்கை எழாது. அறிக்கை எழாத வீட்டிற்குப் பணியாளர்களும் வாரார். நாம் கூறும் சரியான முகவரி, அண்டை வீட்டுக் குழந்தையின் உயிரையும் காக்கக்கூடும்.