நின்றுபோன குளிர்விசிறி

மோட்டார் வண்டியின் யந்திரத்தில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கோ, அதனினுங் குறைவோதான் சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி சுடுபுகையோடு வெளியேறும். மற்றது யந்திரத்தின் உலோகச் சுவர்களிலே உஷ்ணமாகத் தங்கும். அவ்வுஷ்ணத்தை நீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்ல, ரேடியேட்டர் அதனைக் காற்றிலே விட்டுவிடுகின்றது. வண்டி விரைந்து செல்லுங்கால் எதிர்காற்றே போதும். வண்டி நின்றுவிட்டாலோ காற்றும் நின்றுவிடும், யந்திரமோ நிற்பதில்லை. அப்பொழுது ரேடியேட்டரினூடே காற்றை இழுத்துக் கொடுப்பதற்கென்றே விசிறி அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே, விசிறி வேண்டப்படுவது ஓட்டத்துக்கன்று, காத்திருப்பதற்கே என்பதனை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முற்காலத்து வண்டிகளிலே யந்திரமே ஒரு தோல்வாரினாலோ ரப்பர்ப் பட்டையினாலோ விசிறியைச் சுழற்றிற்று. பட்டை அறுந்தாலன்றி விசிறி நிற்பதற்கு வேறு காரணம் அரிது. யந்திரத்தைக் குறுக்காக வைக்கும் வழக்கம் பரவிய பின்னர், யந்திரத்தின் முனையும் ரேடியேட்டரும் ஒன்றையொன்று நோக்காமற் போயின. 1959-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறு வண்டி, ரேடியேட்டரையே பக்கவாட்டிற் கொண்டுபோய் வைத்து அத்தொல்லையைத் தீர்த்துக்கொண்டது. பிற வண்டிகள் மின்சார விசிறியை மேற்கொண்டன. இதனால் வேண்டும்போது மட்டும் விசிறி சுழலும் நன்மை கிட்டிற்று. ஆயினும் ஒரு பட்டை இருந்தவிடத்தில் பாட்டரி, பியூஸ், ரிலே, உஷ்ண ஸ்விச்சு, மோட்டார், இவற்றை இணைக்கும் கம்பிகள் என ஒரு நீண்ட சங்கிலி வந்து சேர்ந்தது. சங்கிலியின் கண்ணிகளில் ஒன்று விட்டாலும் விசிறி நின்றுவிடும்.

நிற்க. இச்சங்கிலியை ஆராய்வதற்கு உதாரணமாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரக் கண்காட்சியிலே ஜப்பானிய மாஜ்டா கம்பெனியார் எம்.எக்ஸ்.5 என்னும் இருவர் அமரும் திறந்த வண்டியைக் காட்டினர். வண்டியை வாங்கித் தம் மனம்போல மாற்றியமைப்போர்க்கு இதனினும் உவப்பானது சிலவே. அதன் முதல் யந்திரம் 1.6 லிட்டர் அளவினது; முன்சக்கரத்தால் ஓடும் குடும்ப வண்டிக்கெனக் குறுக்காக அமைக்கப்பட்ட யந்திர வகையைச் சார்ந்தது. அதனை நெடுக்காகத் திருப்பி வைத்தபோது, பின்புறம் வண்டியின் சுவரை ஒட்டிவிட்டமையால், நீர் உள்ளே புகும் வழியும் வெளியேறும் வழியும் முன்புறத்திலேயே அமைந்தன. அதன் பயனாகப் பின்னுள்ள நான்காவது சிலிண்டரைச் சுற்றி நீரோட்டம் குறைவு. சாதாரண உபயோகத்துக்கு இக்குறை பொருட்டன்று. டர்போ பூட்டி வலிவை மிகுதியாக்குவோர்க்கே அது கவலை தருவது. எனவே அவர்கள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி யந்திரத்தின் பின்புறத்தில் வைத்து, நீரின் வழியையே மாற்றிவிடுகின்றனர். நல்ல மாற்றமே. ஆனால் நாம் சொல்லவந்த துன்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது.

இவ்வண்டியிலே நீர் 88 பாகை சென்டிகிரேடை அடையும்போது தெர்மோஸ்டாட் திறக்கும். 97 பாகையில் உஷ்ண ஸ்விச்சு மூடிக்கொண்டு, ரிலேயின் சுருளுக்கு எர்த்து கொடுக்க, ரிலே விசிறியை ஓட்டும். அந்த ஸ்விச்சு இருப்பது முன்புறத்துத் தெர்மோஸ்டாட் உறையில். நீரின் வழியைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, ஸ்விச்சைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் என்ன நேரும்? சுடுநீர் பின்புறமாகப் போய்விடும். ஸ்விச்சோ அசையாது தேங்கிய நீரில் அமர்ந்து, எல்லாம் செவ்வையாயிருப்பதாகக் கருதிக்கொண்டிருக்கும். மோட்டார் பழுதில்லை, ரிலே பழுதில்லை, ஸ்விச்சும் பழுதில்லை. ஆயினும் விசிறி ஓடாது. ஒவ்வொன்றாகப் புதிது வாங்கிப் பூட்டினாலும் பயனில்லை. மாற்றியமைத்த வண்டியிலே, "எது கெட்டது?" என்று கேட்கும் முன்னர், "எது இடம் மாறிற்று?" என்று கேட்பதே முறை.

இதனை அலட்சியம் செய்வதன் விளைவு சிறிதன்று. மூடியின் அழுத்தத்தால் ரேடியேட்டர் நீர் 100 பாகையில் கொதிக்காது. வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இருமடங்கு உள்ளவிடத்தில் வெறும் நீரே ஏறக்குறைய 120 பாகை வரையில் நீராகவே நிற்கும். அதனையுங் கடந்தால் ஆவிக்குமிழிகள் தோன்றி, நீர் உலோகத்தைத் தொடாமற்போகும். யந்திரத்தின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு; தலைப்பாகம் அலுமினியம். அலுமினியம் இரும்பினும் ஏறக்குறைய இருமடங்கு விரிவது. இரும்போடு போல்ட்டுகளாற் கட்டுண்டிருப்பதால் அது கோணுகின்றது. இடையிலுள்ள காஸ்கெட்டு கிழிந்து, நீரும் எண்ணெயும் கலக்கும். சாலை விளக்கின் முன் சில நிமிஷம் நின்றதற்கு யந்திரத்தையே கழற்றவேண்டி வரும்.

இனி, பரீக்ஷை செய்யும் முறையைப் பார்ப்போம். சூடு எப்பொழுது ஏறுகின்றது என்பதே முதற்கேள்வி. நிற்கும்போது ஏறி, ஓடத்தொடங்கியதும் இறங்குமாயின் விசிறியின்மேல் ஐயங்கொள்ளலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுமாயின் விசிறியைக் குறைகூறுதல் அநியாயம். அடைபட்ட ரேடியேட்டரோ, திறவாத தெர்மோஸ்டாட்டோ, ரேடியேட்டருக்கு முன்னே காற்றை மறித்து நிற்கும் டர்போவின் காற்றுக்குளிர்ப்பானோ காரணமாகலாம். யந்திரத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டை வேண்டாததென்று கழற்றி எறிந்துவிடுவாரும் உளர். இவ்வண்டியில் அத்தட்டே காற்றை ரேடியேட்டரினூடே செலுத்துவது. அஃதில்லையேல் காற்று கீழ்வழியே நழுவிவிடும்.

விசிறிதான் என்று தெளிந்தால், சங்கிலியை நடுவிலே வெட்டிப் பார்க்கவேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. விசிறியின் இறகுகளுக்கருகே விரலையும் வைக்கலாகாது. பல வண்டிகளில் யந்திரத்தை நிறுத்திய பின்னும் விசிறி தானே சுழலத் தொடங்கும். எம்.எக்ஸ்.5-இன் முதல் வண்டிகளிலே யந்திர அறைக்குள் பரீக்ஷைப் பெட்டி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி வைத்து, அதிலுள்ள டி.எப்.ஏ. என்னும் முனையையும் ஜி.என்.டி. என்னும் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால், உஷ்ண ஸ்விச்சு செய்யவேண்டிய வேலையை அக்கம்பி செய்யும். விசிறி ஓடிற்றாயின் மோட்டாரும் ரிலேயும் பியூசும் ஒரே நொடியில் குற்றத்தினின்றும் நீங்கின. எஞ்சியவை ஸ்விச்சும் அதனைச் சூழ்ந்த நீருமே. அங்கே காற்றுக்குமிழி அடைபட்டிருக்கலாம். ஆவியிலே நிற்கும் ஸ்விச்சு நீரின் உஷ்ணத்தை உள்ளபடி அறியாது. அன்றியும், ஒற்றைக் கம்பியுள்ள ஸ்விச்சுகள் தம் திருகுமரையின் வழியே எர்த்து பெறுகின்றன. ஒழுகாதிருக்கவேண்டுமென்று மரையிலே வெள்ளை நாடாவைத் தடிப்பாகச் சுற்றினால், நீரோடு மின்சாரமும் நின்றுபோம்.

விசிறி ஓடாவிடின் மறுபாதியை நோக்குக. மோட்டாரின் இணைப்பைக் கழற்றிப் பாட்டரியிலிருந்து பியூஸ் வைத்த கம்பியால் நேரே மின்சாரம் கொடுக்கலாம். அப்பொழுதும் ஓடாததாய், மெல்லத் தட்டியதும் ஓடுவதாயின், அதன் கரித்துண்டுகள் தேய்ந்தன எனக் கொள்க. நேரே கொடுத்தால் ஓடுமாயின் ரிலேயையும் கம்பிகளையும் ஆராய்க. ரிலேயில் சொடுக்கென்ற ஓசை கேட்டது கொண்டு அது நல்லதென்று முடிவு செய்வது பலர் செய்யும் பிழை. ஓசை சுருளின் வேலை. உள்ளே கருகிய தொடுமுனை மின்சாரத்தைக் கடத்துகின்றதா என்பது வேறு கேள்வி.

பெரிய விசிறி பூட்டியவர்க்கு மற்றொரு கணக்கையும் சொல்லுதல் தகும். புது விசிறி 25 ஆம்பியர் இழுப்பதென்று வைத்துக்கொள்வோம். பழைய மெல்லிய கம்பியிலும் துருப்பிடித்த இணைப்பிலும் சேர்ந்து ஓர் ஓமில் பத்திலொரு பங்கு தடை இருந்தாலும் இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலையும். பாட்டரியில் 14 வோல்ட் இருக்க, விசிறிக்குக் கிடைப்பது பதினொன்றரைதான். தொலைந்த சக்தி 60 வாட்டுக்கு மேல். அது அந்தச் சிறு பிளாஸ்டிக் இணைப்பையே உருக்கிவிடும். இங்ஙனம் பியூஸ் அடிக்கடி போகின்றதென்று பெரிய பியூசை வைப்பவர் வண்டியில் நெருப்பை வைப்பவரே. தடித்த கம்பியும் தனி ரிலேயும் போடவேண்டும். கம்பி மாற்றும்போது இரு முனைகளையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் விசிறி எதிர்ப்புறமாகச் சுழன்று, எதிர்காற்றோடு மல்லுக்கு நிற்கும். ஒரு காகிதத் துண்டை ரேடியேட்டரின் முன்னே பிடித்தால் உண்மை விளங்கும். காகிதம் ஒட்டிக்கொள்ளவேண்டும், பறக்கலாகாது.

1994-ஆம் ஆண்டு மாதிரியின் 1.8 லிட்டர் வண்டி முதலாக விசிறிக்குக் கட்டளையிடுவது யந்திரக் கணிப்பொறியே. அதனை எடுத்துவிட்டு வேறு கணிப்பொறி வைப்போர், விசிறிக்கு எந்தப் பாகையில் ஆணை போகவேண்டுமென்பதை அதிலே எழுதாது விடுவதுண்டு. கம்பிகளையெல்லாம் நாட்கணக்கிற் சோதிக்கும் முன்னர் அதனைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

சிலர் இத்தொல்லைகளுக்கு அஞ்சி, ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு ஸ்விச்சை வைத்து, வேண்டும்போது விசிறியைப் போட்டுக்கொள்கின்றனர். அவசரத்துக்கு இஃது ஏற்றதே. என்றும் அதனையே நம்புவதை நாம் ஒப்போம். மழையிலும் நெரிசலிலும் முதலில் மறந்துபோவது அந்த ஸ்விச்சுதான்.

பழுது நீக்கியபின், குளிர்ந்த யந்திரத்தைத் தொடங்கி, வண்டியை நிறுத்தியபடியே ஓடவிடுக. விளக்குகளையும் போட்டு மின்சாரத்துக்குப் பாரம் கொடுக்க. மேற்குழாய் சுட்டுச் சிறிது நேரத்தில் விசிறி தானே சுழன்று, சூடு தணிந்ததும் தானே நிற்கவேண்டும். இங்ஙனம் மும்முறை நிகழும் வரையில் அருகிலேயே நிற்க. அதன் பின்னரே யந்திர அறையின் மூடியை மூடுக.