குழந்தைகளின் மனக்காயம் ஆற ஆண்டு முழுவதும் அறப்பணி

பேரிடர், விபத்து, குடும்ப வன்முறை, பெற்றோரின் மரணம், பாலியல் கொடுமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று குழந்தையைத் தாக்கும்பொழுது இருவகை இழப்புகள் நேர்கின்றன. வீடு, உணவு, உடை, பள்ளி ஆகியவற்றின் இழப்பு கண்ணுக்குத் தெரிவது. கணக்கிட்டு ஈடுசெய்யக் கூடியது. அழுதால் ஓடிவர ஒருவர் உண்டு என்னும் நம்பிக்கையின் இழப்போ கண்ணுக்குப் புலப்படாதது. முதல்வகை இழப்பை ஈடுசெய்வதில் நம் நாட்டு மக்களின் ஈகையுள்ளம் என்றும் பின்தங்கியதில்லை. இரண்டாம் வகை இழப்பை ஈடுசெய்யப் பொருள் மட்டும் போதாது. இடையறாத காலமும் வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்து அறப்பணியை எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பது மாணவரும் அலுவலரும் சிந்திக்கத்தக்கது.

மனக்காயத்தின் இயல்பு

அச்சந்தரும் நிகழ்ச்சியின்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ள முற்படுகிறது. இதயத் துடிப்பு விரைவடைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூளை எச்சரிக்கை நிலையை அடைகிறது. ஆபத்து நீங்கியதும் இந்நிலை தணிவதே இயற்கை. பேரச்சத்துக்கோ நீடித்த கொடுமைக்கோ உள்ளான குழந்தைகள் பலரிடம் அது எளிதில் தணிவதில்லை. சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், இரவில் அலறி எழுதல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், பேச்சு குறைதல், காரணமின்றிச் சினங்கொள்ளுதல், பாடத்தில் கவனம் சிதறுதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இவ்வறிகுறிகளைப் பெரியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வதே பெருஞ்சிக்கல். பட்டினி கிடந்த குழந்தை, மூன்று வேளை உணவு கிடைக்கும் இல்லத்துக்கு வந்த பின்னரும் தலையணைக்கு அடியில் ரொட்டியை மறைத்து வைப்பதுண்டு. அதனைத் திருட்டு எனக் கருதித் தண்டித்தால், உலகம் நம்பத்தக்கதன்று என்ற குழந்தையின் எண்ணம் வலுப்படும். நாளையும் உணவு உண்டு என்பதைச் சொல்லால் மெய்ப்பிக்க இயலாது. நாள்தோறும் அதே நேரத்தில் உணவு பரிமாறுவதாலேயே அது மெய்ப்படும்.

உளநல மருத்துவருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் இதில் இன்றியமையாத பங்கு உண்டு. ஆயினும் ஆற்றுப்படுத்துநர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் குழந்தையுடன் செலவிட்டால், எஞ்சிய 167 மணி நேரமும் குழந்தை இருப்பது இல்லத்தாய், ஆசிரியர், சமையலர், உடன் வாழும் பிள்ளைகள் ஆகியோரிடையே ஆகும். மனக்காயம் ஆறுவதும் ஆறாமற்போவதும் பெரும்பாலும் அந்த 167 மணி நேரத்தைச் சார்ந்தது.

இக்கருத்து ஆய்வுகளின் துணை பெற்றது. தாயன்பின் தொடர்ச்சி குழந்தையின் மனநலத்துக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை, உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிய அறிக்கை 1951இல் எடுத்துரைத்தது. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் இல்லங்களில் வாழ்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அக்குழந்தைகள், குறிப்பாக 2 வயதுக்கு முன் சேர்க்கப்பட்டோர், இல்லங்களிலேயே விடப்பட்டவர்களைக் காட்டிலும் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பிணைப்புக் கொள்வதிலும் மேம்பட்டு விளங்கினர்.

இரு நாள்காட்டிகள்

நம் நாட்டில் ஈகைக்கு ஒரு நாள்காட்டி உண்டு. தீபாவளி, கிறிஸ்துமஸ், ரமலான், பிறந்த நாள், முன்னோர் நினைவு நாள், சுதந்திர தினம் ஆகியவற்றின்போது குழந்தைகள் இல்லங்களுக்கு இனிப்பும் புத்தாடையும் வந்து குவிகின்றன. வருமான வரிச் சட்டத்தின் சலுகையைக் கருதி மார்ச் மாதத்தில் சில நன்கொடைகள் வருவதும் உண்டு. பேரிடர் நிகழ்ந்தால் அடுத்த சில வாரங்களுக்கு உதவி வெள்ளமெனப் பெருகும்.

குழந்தையின் நாள்காட்டி வேறு. பள்ளி திறக்கும் நாளில் தந்தையின் பெயரைக் கேட்கும் படிவம், பிற பிள்ளைகள் ஊருக்குச் செல்லும் கோடை விடுமுறை, இடிமுழக்கத்துடன் மழை பெய்யும் இரவு, வழக்கில் சாட்சி சொல்லச் செல்லும் நாள், இழப்பு நேர்ந்த அதே தேதி மீண்டும் வரும் நாள் ஆகியவையே அதில் குறிக்கப்பட்ட நாட்கள். பண்டிகை நாளுங்கூட அதில் இடம்பெறுகிறது. ஆனால், இல்லாதவர்களின் நினைவு மிகுதியாக வருத்தும் நாளாகவே அது இடம்பெறுகிறது.

பொருளியல் நோக்கில் கூறினால், இங்கே தேவை ஆண்டு முழுவதும் சீராக உள்ளது; வழங்கலோ சில நாட்களில் மட்டும் உச்சத்தை எட்டுகிறது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,095 வேளை உணவு வேண்டும். ஒரே நாளில் மூன்று கொடையாளர்கள் விருந்தளித்தாலும் அது மூன்று வேளைக் கணக்கிலேயே அடங்கும். மிஞ்சிய உணவைச் சேமித்து வைக்கவும் இயலாது.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. கட்டடம், கட்டில், தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றில் கொடையாளரின் பெயரைப் பொறிக்கலாம். இல்லத்தாயின் மாத ஊதியத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆகவே கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம் ஊதியத்துக்குக் கிடைப்பதில்லை. குறைந்த ஊதியம் பெறும் பணியாளர் வேறு வேலை கிடைத்ததும் விலகிச் செல்கிறார். நிருவாகத்துக்கு அது ஒரு காலிப் பணியிடம். குழந்தைக்கோ தாய் மீண்டும் ஒருமுறை மறைவதற்கு ஒப்பாகும்.

பேரிடர்கள் தந்த பாடம்

1984இல் போபால் நச்சுவாயு விபத்து, 1993இல் மராத்வாடா நிலநடுக்கம், 1999இல் ஒடிசா பெரும்புயல், 2001இல் குஜராத் நிலநடுக்கம், 2004இல் ஆழிப்பேரலை என ஒவ்வொரு பேரிடரின் பின்னரும் உளநலப் பணியின் தேவை மேலும் தெளிவாக உணரப்பட்டது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் கழகம் இப்பணிகளில் பங்கேற்று, உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் முறையை வளர்த்தது. வெளியூரிலிருந்து வரும் வல்லுநர் சில வாரங்களில் திரும்பிவிடுவார். பயிற்சி பெற்ற ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அவ்வூரிலேயே இருப்பர் என்பதே இம்முறையின் அடிப்படை.

ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளான மாவட்டம் நாகப்பட்டினம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அங்கும் கடலூரிலும் மாநில அரசு இல்லங்களைத் திறந்தது. அலை சில நிமிடங்களில் வடிந்தது. நிவாரணப் பொருள்கள் சில மாதங்களில் நின்றன. ஆனால் 5 வயதில் பெற்றோரை இழந்த குழந்தைக்கு 18 வயது நிறைவடைய 13 ஆண்டுகள் வேண்டும். பேரிடர் நிதியின் காலக்கெடுவை வகுப்போர் மனத்திற்கொள்ள வேண்டிய எண் இதுவே.

கொரோனாப் பெருந்தொற்றின்போது இப்பாடம் ஓரளவு பின்பற்றப்பட்டது. 2021 மே மாதம் அறிவிக்கப்பட்ட பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டத்தில், பெற்றோரை இழந்த குழந்தைக்கு 18 வயதில் 10 லட்சம் ரூபாய் வைப்புநிதி இருக்குமாறு செய்து, அதிலிருந்து மாதந்தோறும் உதவித்தொகை வழங்கி, 23 வயதில் முழுத்தொகையையும் அளிக்க வகைசெய்யப்பட்டது. ஒருமுறை உதவி என்பதிலிருந்து தொடர் உதவி என்ற நிலைக்கு நகர்ந்ததே இதன் சிறப்பு.

சட்டமும் திட்டமும்

குழந்தை உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. கொடுமைக்கு உள்ளான குழந்தையின் உடலும் உள்ளமும் நலம் பெற வழிசெய்வது அரசின் கடமை என அதன் 39ஆம் பிரிவு கூறுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதை இறுதி வழியாகவே கருதுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும். உடன்பிறந்தோரை இயன்றவரை பிரிக்கலாகாது. குழந்தைகள் இல்லம் எதுவாயினும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள்.

2022இல் வெளியான வாத்சல்யா இயக்க வழிகாட்டு நெறிகளின்படி, கைம்பெண்ணான தாயுடனோ உறவினருடனோ வாழும் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்க வழியுண்டு. அதாவது ஆண்டுக்கு 48,000 ரூபாய். குடும்பம் வறுமையால் மட்டுமே குழந்தையை இல்லத்தில் விட நேரும்பொழுது, இத்தொகை அக்குழந்தையைச் சொந்த வீட்டிலேயே வளரச் செய்கிறது. ஆபத்திலுள்ள குழந்தைக்கு 1098 என்ற உதவி எண் உள்ளது. 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கிய இச்சேவை, பின்னர் நாடு முழுவதும் பரவியது.

அரசின் பணிக்குத் தொண்டு நிறுவனங்கள் துணைநிற்கின்றன. 1949இல் ஆஸ்திரியாவில் தோன்றிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராம இயக்கம் 1964இல் பரீதாபாத் அருகே இந்தியாவில் தன் முதற் கிராமத்தை நிறுவியது. பெருங்கூடத்தில் குழந்தைகளைத் திரளாகத் தங்கவைக்காமல், தனித்தனி வீடுகளில் ஒரு தாயும் சில பிள்ளைகளும் குடும்பமாக வாழச் செய்வது அதன் முறை. தொடர்ந்து பணம் செலுத்தும் ஆதரவாளர்களே இத்தகைய அமைப்புக்கு முதுகெலும்பு ஆவர். பண்டிகை நாள் கொடையைக் கொண்டு ஒரு தாயை ஆண்டு முழுவதும் பணியில் வைத்திருக்க இயலாது என்பது வெளிப்படை.

கொடையை அமைக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து கொடையாளரும் அலுவலரும் கடைப்பிடிக்கத்தக்க சில நெறிகள் புலனாகின்றன.

முதலாவது, தொகை சிறிதாயினும் மாதந்தோறும் அளித்தல். மாதம் 500 ரூபாய் அளிக்கும் 50 பேர், ஓர் இல்லத்துக்கு மாதம் 25,000 ரூபாய் உறுதியான வருவாயை ஏற்படுத்துகின்றனர். வரவு உறுதியானால்தான் ஓர் ஆற்றுப்படுத்துநரை நிலையாக நியமிக்க முடியும்.

இரண்டாவது, ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் பணம் அளித்தல். இதனை வீண் நிருவாகச் செலவு என எண்ணுவது பிழை. குழந்தைப் பராமரிப்பில் மனிதரே முதன்மையான கருவி.

மூன்றாவது, பண்டிகைக் கொடையை மறுக்காமல் முறைப்படுத்துதல். விருந்துக்கு வரும் தொகையில் ஒரு பகுதியை இருப்புநிதியில் சேர்த்து, வரவு குறையும் மாதங்களில் பயன்படுத்தலாம்.

நான்காவது, குழந்தையின் மானத்தைக் காத்தல். பரிசுப் பொருளுடன் குழந்தையை நிறுத்திப் புகைப்படம் எடுத்து வெளியிடுவது பண்பன்று. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதை மேற்கூறிய சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. தன் துயரக் கதையைப் புதியவர்களிடம் மீண்டும் மீண்டும் கூறுமாறு குழந்தையை வற்புறுத்துவதும் காயத்தைக் கிளறுவதாகும்.

ஐந்தாவது, தொண்டர்கள் தம் வருகையில் ஒழுங்கைப் பேணுதல். இரண்டு வாரம் நெருங்கிப் பழகிவிட்டு மறைபவரைக் காட்டிலும், மாதம் ஒருமுறையாயினும் சொன்ன நாளில் தவறாது வருபவரே குழந்தைக்குப் பயன்படுபவர்.

ஆறாவது, 18 வயதுடன் கைவிடாதிருத்தல். சட்டம் 21 வயது வரை பின்காப்புக்கு வழிசெய்துள்ளது. வாடகை, தொழிற்பயிற்சி, முதல் வேலை ஆகியவற்றில் துணையின்றி வெளியேறும் இளைஞர், பல ஆண்டுகளில் பெற்ற நம்பிக்கையைச் சில மாதங்களில் இழக்க நேரலாம்.

பெருநிறுவனங்களுக்கும் இந்நெறிகள் பொருந்தும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடக்க ஆண்டு நீங்கலாக மேலும் மூன்றாண்டுகள் வரை நீளும் தொடர் பணிகளையும் விதிகள் அனுமதிக்கின்றன. ஆண்டிறுதியில் அவசரமாகப் பொருள் வாங்கித் தருவதற்குப் பதில், இவ்வாய்ப்பைப் பயன்படுத்திப் பராமரிப்பாளர் ஊதியத்தைப் பல்லாண்டுக்கு ஏற்கலாம்.

அளவுகோல்

இல்லங்களை ஆய்வுசெய்யும் அலுவலர் கட்டில்களையும் கழிவறைகளையும் எண்ணுவது அவசியமே. அத்துடன், மூன்றாண்டுகளுக்கு மேல் பணியாற்றும் பராமரிப்பாளர் எத்தனை பேர், தனிப் பராமரிப்புத் திட்டம் எப்போது திருத்தப்பட்டது, சென்ற ஆண்டில் எத்தனை குழந்தைகள் குடும்பத்துக்குத் திரும்பினர், அவர்களை யார் சென்று பார்த்தனர் என்ற வினாக்களையும் எழுப்ப வேண்டும். கொடையாளரும் இவற்றையே கேட்கத் தொடங்கினால் இல்லங்களின் முன்னுரிமைகள் தாமே மாறும்.

விருந்து நாளில் குழந்தையின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி உண்மையானதே. எனினும் மனக்காயம் ஆறத் தொடங்கியதன் அடையாளம் வேறொரு நாளில், கொடையாளர் எவரும் இல்லாதபோது வெளிப்படுகிறது. தலையணைக்கு அடியில் ரொட்டி வைக்கும் வழக்கத்தைக் குழந்தை தானாகவே விட்டுவிடும் நாள் அது. அந்நாள் எப்போது வரும் என முன்கூட்டிக் கூற இயலாது. ஆகவேதான் ஆண்டின் எல்லா நாட்களிலும் உதவி தொடர வேண்டியுள்ளது.