துடைப்பத்தில் ஏற வந்த நாயும் தவளையும்

விளையாடிவிட்டு ஓடி வந்த என் ஏழு வயதுப் பேரன், "பாட்டி, தெருக்கோடி வீட்டு அம்மா டாயனாம்! அவங்க வளர்க்கிற நொண்டி நாய்தான் ராத்திரியில அவங்க ஏவின வேலையெல்லாம் செய்யுதாம்" என்றான்.

ஜாம்ஷெட்பூரில் பல்லாண்டு குடியிருக்கும் நமக்கு 'டாயன்' என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் சூனியக்காரி என்போம். அவனைக் கோபிக்க மனம் வரவில்லை. இரவு படுக்கும்போது ஒரு புத்தகத்தை எடுத்தேன்.

'ரூம் ஆன் தி ப்ரூம்' என்ற அந்த ஆங்கிலப் படக்கதை 2001-ல் வெளிவந்தது. எழுதியவர் ஜூலியா டொனால்ட்சன், படம் வரைந்தவர் ஆக்சல் ஷெஃப்ளர். சூனியக்காரி தன் பூனையோடு துடைப்பத்தில் பறக்கிறாள். காற்றில் தொப்பி விழுகிறது, ஒரு நாய் அதைக் கண்டெடுத்துக் கொடுத்து, "எனக்கும் இடம் உண்டா?" என்று கேட்கிறது. பிறகு ஒரு பச்சைப் பறவை, ஒரு தவளை. இவற்றையெல்லாம் சூனியக்காரிக்குத் துணையாக யாராவது நினைப்பார்களா? ஆனால் பாரம் தாங்காமல் துடைப்பம் முறிந்து, டிராகன் அவளைத் தின்ன வரும்போது, சேற்றில் விழுந்த இவைதாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பூதம்போல் நின்று அதை விரட்டுகின்றன. பேரன் கைகொட்டிச் சிரித்தான்.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் அழுகை நிறைந்த ஒரு சரித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் சூனியக்காரிக்கு ஏவல் செய்யும் பிசாசு பிராணி உருவில் வரும் என்று ஒரு காலத்தில் நீதிமன்றமே நம்பியது. 1566-ல் எசெக்ஸ் பகுதியில் ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற ஏழை மூதாட்டியைத் தூக்கிலிட்டார்கள். பானையில் கம்பளி ரோமம் போட்டு அதில் பூனையை வளர்த்ததாகவும், வறுமையில் அந்த ரோமம் தேவைப்பட்டதால் பூனையைத் தேரையாக மாற்றிவிட்டதாகவும் அவர் கூறியதாக வழக்கைப் பற்றிய சிறுநூல் சொல்கிறது. பிசாசையே ஏவக்கூடியவளுக்கு ஒரு பிடி ரோமத்துக்கா பஞ்சம்? இதை யாரும் கேட்கவில்லை.

1645-ல் ஒற்றைக்கால் கிழவியான எலிசபெத் கிளார்க்கைப் பல இரவுகள் தூங்கவிடாமல் காவலிருந்தார்கள். காவலின்போது அறைக்குள் ஈயோ சிலந்தியோ வந்தால்கூட ஏவல் பிசாசோ என்று சந்தேகிக்கும் வழக்கம் அன்று இருந்தது. மேத்யூ ஹாப்கின்ஸ் என்பவர் 1647-ல் வெளியிட்ட நூலின் முகப்புப் படத்தில் அவளுடைய 'ஏவல்கள்' வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று கறுப்பு முயல்! கால்களே இல்லாத கொழுத்த நாய் ஒன்றும் அவளிடம் வந்ததாக அவர் எழுதினார். அவளும் தூக்கில் மாண்டாள். சூனியத்தைக் குற்றமாக்கிய சட்டங்கள் 1736-ல்தான் அங்கே ஒழிந்தன.

'அது அந்தக் காலம், அந்த நாடு' என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? பீகார் 1999-லும் நம் ஜார்கண்ட் 2001-லும் டாயன் கொடுமைக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பக்கத்துச் சராய்கேலா வட்டாரத்தைச் சேர்ந்த சுட்னி மஹதோ 1995-ல் டாயன் என்று முத்திரை குத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்டவர். பின்பு தம்மைப் போன்ற பெண்களுக்காகப் பாடுபட்டார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

சூனியம் எங்கே தொடங்குகிறது? தனியாக ஒரு கிழவி, அவளைச் சுற்றிவர ஒரு பிராணி, பொழுதுபோகாத நாலு வாய். அவ்வளவுதான். மனிதர் யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு நாயாவது போகிறதே என்று நாம் நினைப்பதில்லை.

மறுநாள் காலை பேரன் இரண்டு பிஸ்கட்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"யாருக்குடா?"

"ஒண்ணு நாய்க்கு. ஒண்ணு அந்தப் பாட்டிக்கு."

முதல் நாள் 'டாயன்' என்றவன் வாயில் அன்று 'பாட்டி' வந்தது. நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசலை நானும் மிதித்ததில்லையே!