லாரி கம்பெனி வேலையை விட்டு பீப்பீ செய்யப் போன இன்ஜினீயர்!

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவ கிராமங்களில் ராக்கெட் பார்க்க வாசலுக்கு வந்தாலே போதும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ஏவும் நாளில் குறிப்பிட்ட கடல் பகுதிக்குள் படகுகள் போகக் கூடாது. கரையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். அறிவியல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் தொட முடியாத உயரத்தில்!

கடலோர ஊர்ப் பிள்ளைகள் பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி பீப்பீ ஊதுவார்களே, அதுவும் அறிவியல்தான். வகுப்பறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இதற்காகவே நல்ல வேலையை விட்டு வந்தவர் அர்விந்த் குப்தா.

உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் பிறந்தவர். 1975-ல் கான்பூர் ஐ.ஐ.டி-யில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, புனே டெல்கோவில் லாரி தயாரிக்கும் வேலையில் சேர்ந்தார். கல்லூரி நாள்களில் கேட்ட ஒரு பேச்சு மனதில் தங்கியிருந்தது. பேசியவர் அனில் சத்கோபால்; டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி பதவியை உதறி, மத்தியப்பிரதேச கிராமத்துக்குப் போனவர். 1978-ல் குப்தாவும் லீவு போட்டுவிட்டு அங்கே போனார். ஹோஷங்காபாத் அரசுப் பள்ளிகளில் செய்துபார்த்தே அறிவியல் படிக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே, சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக்கி, தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. பாலங்களில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பது குழந்தைக்குக் கைவிரலிலேயே புரிந்துவிடும். பிறகு லாரி வேலை அவருக்கு ஒட்டவில்லை.

அவர் பரப்பிய பொம்மைகளில் மலிவானது ஸ்ட்ரா பீப்பீ. ஸ்ட்ராவின் ஒரு முனையைப் பல்லால் தட்டையாக்கி, இரண்டு ஓரத்தையும் சாய்வாக வெட்டினால் கூரான இரு உதடுகள் கிடைக்கும். அதை வாய்க்குள் வைத்து ஊதினால் உதடுகள் படபடவென அதிரும், சத்தம் வரும். ஊதிக்கொண்டே மறுமுனையைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். குழல் குறையக் குறைய உள்ளேயிருக்கும் காற்றின் நீளம் குறைகிறது. சுருதி ஏறிக்கொண்டே போகிறது. 'பீ...' என்று ஆரம்பித்தது 'கீச்' என்று முடியும்.

நம் நாகஸ்வரத்திலும் இதே கதைதான். சீவாளியின் இரண்டு தகடுகள் அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. நீளமான பாரி நாகஸ்வரத்துக்குக் கீழ்ச் சுருதி, குட்டையான திமிரிக்கு மேல் சுருதி. கல்யாண மண்டபத்தில் வாசிப்பவர் சீவாளியை எச்சிலில் நனைத்துச் சரிபார்ப்பதை, ஸ்ட்ராவைக் கடித்துப் பார்த்த பிள்ளை அதன்பின் வேறு கண்ணோடு பார்க்கும். பாடப்புத்தகத்தின் 'அதிர்வெண்' இந்த வேலையைச் செய்வதில்லை.

எதையும் அவர் பூட்டி வைக்கவில்லை. பொம்மைகளின் படங்கள், வீடியோக்கள், தமிழ் உட்படப் பல மொழிப் புத்தகங்கள் எல்லாம் அவருடைய இணையதளத்தில் இலவசம். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. பேப்பர் ஸ்ட்ரா சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் இரண்டு மூன்றாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். சுருதி ஏற ஏற, உதட்டுக்குப் பக்கம்வரை வெட்டச் சொல்லிப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள்!