மூங்கில் தட்டியும் மாடி வீடும்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மாடித் தாழ்வாரக் கூரைக்கும் தோட்டச் சுவருக்கும் மூங்கில் தட்டி கேட்போர் உளர். முடையும் அங்கத்தினர்கள், விலையோடு பொருத்தும் முறையையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

நேரே ஆணி அறைந்தால் மூங்கில் பிளக்கும். துளையிட்டுத் துருப்பிடிக்காத திருகாணியை முடுக்குக. சுவரையொட்டிச் சட்டம் அடித்து ஓரங்குலம் இடைவெளி விடாவிடில் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். அடிமுனை மண்ணைத் தொட்டாலோ, கறையான்! 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயலைக் கண்ட நகரம் இது. கூரைத் தட்டியை அவிழ்க்கத்தக்கவாறு கயிற்றால் கட்டுவதே உத்தமம்.

மூங்கிலின் மாவுச்சத்தை நாடியே வண்டு துளைக்கிறது. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறாத தட்டியை விற்பது, நம் கருத்தில், வாங்குபவரை ஏமாற்றுவதேயாகும். அம்மருந்தும் மழையில் கரையுமாதலால் மேலே வார்னிஷ் பூசுக.

வளர்ப்போர்க்கு ஒரு செய்தி: காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை, 2017இல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தம் ‘மரம்’ என்னும் வரையறையினின்று நீக்கிவிட்டது.