தம்பிக்கு சீட்டு, அக்காவுக்குப் பலகை! தாம்பரம் ரோட்டில் சரிப்படுமா?

கைக்குழந்தை ஒன்று. இரண்டரை வயசு வாண்டு ஒன்று. இரண்டையும் ஒரே ஆளாக வெளியே கூட்டிப் போவது எப்படி?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாய்மார்கள் தினமும் படும் பாடு இது. சின்னது இடுப்பில். பெரியது கையைப் பிடித்து நடக்கும். நாலு கடை தாண்டுவதற்குள் "தூக்கு" என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிடும். அப்புறம் என்ன? இரண்டு பக்கமும் பிள்ளை, தோளில் காய்கறிப் பை!

இதற்கு வெளிநாட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழந்தை வண்டிக்குப் பின்னால் மாட்டும் நிற்கும் பலகை. நம்ம ஊரிலும் ஆன்லைனில் வரவழைக்கலாம்.

ஏறலாம், இறங்கலாம்

வண்டியின் பின்பக்கக் கம்பியில் மாட்டும் சின்னப் பலகை இது. அதற்குத் தனிச் சக்கரம் உண்டு. தம்பி வண்டிக்குள். அக்கா பலகை மேல், வண்டியைப் பிடித்தபடி. அம்மா பின்னால் நின்று தள்ளவேண்டியதுதான். நம்ம பழைய நடைவண்டி, நடக்கப் பழகும் பிள்ளைக்கு. இதுவோ நடந்து களைத்த பிள்ளைக்கு!

பெரும்பாலும் 2 வயசு ஆன பிறகுதான் ஏற்றவேண்டும். பல பலகைகள் 20 கிலோ வரை தாங்கும். எல்லா வண்டிக்கும் எல்லாப் பலகையும் பொருந்தாது. பார்த்து வாங்கவேண்டும்.

வண்டி சாயும்!

ஆபத்து எங்கே தெரியுமா? இறக்கும்போதுதான். பலகையில் அக்கா நிற்க, கைப்பிடியில் பை தொங்க, கைக்குழந்தையை முதலில் தூக்கினால் முன்பக்கக் கனம் போய்விடும். வண்டி பின்னால் சாயும். அதனால் பிரேக் போட்டு, முதலில் மூத்ததை இறக்கணும். ஏற்றும்போது இதற்கு நேர்மாறு. கைக்குழந்தைக்கு பெல்ட் போட்ட பிறகே மூத்தது ஏறணும்.

தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பலகையில் நிறுத்தவே கூடாது. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இழுத்துச் செருகிக்கொள்ளணும்.

எங்கே ஓடும்?

அடுக்குமாடி வளாகம், பூங்கா நடைபாதை, மீனம்பாக்கம் விமான நிலையம் மாதிரி வழுவழுத் தரையில் ஜோராக ஓடும். ரோட்டைக் கடக்கும்போது பிள்ளையை இறக்கிக் கையைப் பிடிக்கணும். ரயில்வே மேம்பாலப் படி, எஸ்கலேட்டர் இரண்டிலும் வேண்டவே வேண்டாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசலுக்கும் லாயக்கில்லை.

மின்சார ரயில் ஏற வண்டியை மடக்கணும். பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. துணைக்கு ஆள் இல்லாமல் இது ஆகிற காரியமா?

"ஸ்கூட்டர் இருக்கே" என்பார்கள். ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டம். 4 வயசுக்குள் உள்ள பிள்ளைக்குப் பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஆக, இரண்டு பிள்ளையோடு தனியாகப் போகும் தாய்க்கு ஸ்கூட்டரும் கைகொடுக்காது. மிச்சம் இருப்பது நடைபாதைதான்.

அளவு இருக்கிறது

அதற்கு அளவும் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, நடப்பதற்கு மட்டும் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும். அதாவது 6 அடி. விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஏறி இறங்கச் சரிவும் வேண்டும்.

அந்த 6 அடியில் மோட்டார் சைக்கிளும் கடைப் பலகையும் நின்றால் குழந்தை வண்டி எங்கே போகும்? லாரியும் பஸ்ஸும் பறக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கத்தான் வேண்டும். பலகையில் நிற்கும் பிள்ளை ரோட்டோரம் போகலாமா? சக்கர நாற்காலிக்காரருக்கும், கம்பு ஊன்றி வரும் பெரியவருக்கும் இதே கதிதான்.

5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பேர் பெரிசாச்சு. நடைபாதையும் பெரிசாகணும். பலகை வாங்குவது தாயின் பொறுப்பு. அது ஓட 6 அடி இடம் தருவது யார் பொறுப்பு?

அதிகாரிகள் கவனிப்பார்களா?